கடலுக்கு இந்தப் பக்கமிருந்து ‘அந்த நாள்’

பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப் படத்தை முதன்முதலில் எடுத்துக் காட்டியவர் வீணை வித்வான் எஸ். பாலசந்தர். வீணை பாலசந்தர் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. 1954 ஏப்ரல் 13, சித்திரைப் புத்தாண்டு சமயத்தில் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘அந்த நாள்’ அது. அப்போது பாலசந்தருக்கு வயது இருபத்தேழுதான்.

பண்டிகைக்குக் குடும்பத்தோடு கொட்டகைக்குப் போனவர்கள் இப்போ பாட்டு வரும், அப்போ பாட்டு வரும் என்று காத்திருந்து கடுப்பாகிவிட்டார்கள். படம் ஓடவில்லை. தேசிய விருதில் அந்த ஆண்டின் தமிழ்ப் படங்களில் இரண்டாவது சிறந்த படம் என்ற நற்சான்றிதழ் கிடைத்தது. மறுபடி வெளியிட்டபோது கூட்டமும் வந்தது. இன்றைக்குத் தமிழில் துப்பறியும் படம் என்று யார் பட்டியல் போட்டாலும் முதல் வரிசையில் இது இருக்கும்.

போன மாதம் மழை விடாமல் பெய்த ஒரு சனிக்கிழமை ராத்திரி, யூடியூப்பில் தேடி எடுத்துத் தொலைக்காட்சியில் போட்டேன். வீட்டில் பெரியப்பா வந்து தங்கியிருந்தார். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருக்கிறார், காது கொஞ்சம் மந்தம், கண் மட்டும் கழுகு. மலேசியாவின் சுங்கை சோவைச் சுற்றியிருந்த கித்தா (ரப்பர்) காட்டில் பிறந்து, பால் மரம் வெட்டி, அந்தக் காடெல்லாம் தாமான் குடியிருப்பும் தொழிற்சாலையும் ஆனதைப் பார்த்தவர். பெரோடுவா கார் தொழிற்சாலையைத் தாண்டும்போதெல்லாம் “இங்கெல்லாம் மரந்தாண்டா நின்னுச்சு” என்பார். பேரப்பிள்ளைகள் காதில் வாங்குவதில்லை.

“சிவாஜி படமா? போடு போடு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படம் தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, சிவாஜியைச் சுட்டுவிட்டார்கள்.

“என்னாடா இது, வந்த உடனே செத்துட்டாரு?”

“இனிமேத்தான் பெரியப்பா கதையே.”

“பாட்டு?”

“கிடையாது.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

கதை இதுதான். 1943 அக்டோபர் 11. ஜப்பான் விமானம் குண்டு போட்ட பரபரப்பில் சென்னை இருக்கிறது. ரேடியோ இன்ஜினியர் ராஜன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். வெடிச்சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சின்னையா போலீசுக்கு ஓடுகிறார். சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் வருகிறார். சந்தேகப்பட ஐந்து பேர்: சின்னையா, ராஜனின் தம்பி பட்டாபி, பட்டாபியின் மனைவி ஹேமா, ராஜனோடு பழக்கமுள்ள நடனக்காரி அம்புஜம், ராஜனின் மனைவி உஷா. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிக்கிறார். சின்னையா தம்பியைக் கை காட்டுகிறார். தம்பி தன் பெண்டாட்டியையே மாட்டிவிடுகிறான். அவள் நடனக்காரியைச் சொல்கிறாள். நடனக்காரி சின்னையாவிடமே கொண்டுவந்து நிறுத்துகிறாள். வட்டம் முழுசாகச் சுற்றிவிட்டது, கொலையாளி மட்டும் கிடைக்கவில்லை.

1950இல் வந்த குரோசவாவின் ‘ரஷோமோன்’தான் பாலசந்தருக்குப் பொறி என்று எல்லோரும் எழுதுவார்கள். 1952இல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் அந்தப் படம் காட்டப்பட்டது. ஆனால் செத்தவரைப் பற்றி ஐந்து பேர் போலீசிடம் ஐந்து விதமாகச் சொல்லும் அமைப்பு, அதே 1950இல் வந்த ‘தி வுமன் இன் கொஸ்டின்’ என்ற ஆங்கிலப் படத்துக்குத்தான் இன்னும் நெருக்கம். எங்கிருந்து எடுத்தார் என்பது பெரிய விஷயமில்லை. எடுத்ததை என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

ஜாவர் சீதாராமன்தான் வசனம் எழுதினார், சிவானந்தமாக நடித்தவரும் அவரே. குரலை உயர்த்தாமல், அவசரப்படாமல், எதிரில் இருப்பவர் தானாகவே வாயைவிட்டு மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிற விசாரணை. அந்தக் காலத்துப் படங்களில் போலீஸ் என்றால் ஒன்று சிரிப்பு, இல்லாவிட்டால் உறுமல். மாருதி ராவின் ஒளிப்பதிவில் பாதி முகம்தான் வெளிச்சத்தில் இருக்கிறது, மீதி இருட்டு. யூடியூப் பிரதியில் கோடுகோடாக மழை வேறு பெய்கிறது. இருந்தும் அந்த இருட்டு கெடவில்லை.

சிவாஜியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவருக்கு முன் ராஜன் வேஷத்தில் நடித்தவர் கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என். விஸ்வநாதன். நிறையவே எடுத்தும் விட்டார்கள். போட்டுப் பார்த்த ஏவி.எம். அதிபர் மெய்யப்பச் செட்டியாருக்குத் திருப்தியில்லை, சிவாஜியை வைத்துத் திரும்ப எடுக்கச் சொன்னார். ‘பராசக்தி’ வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அடுக்குமொழி வசனத்துக்கு நாடே கைதட்டிக்கொண்டிருந்த நேரம். அந்த ஆளை முதல் காட்சியிலேயே பிணமாகக் கிடத்த வேண்டுமென்றால் இயக்குநருக்கும் தைரியம் வேண்டும், நடிகருக்கும் வேண்டும். பிறகு ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் அவர் வேறு வேறு ஆளாக எழுந்து வருகிறார். ஒருவர் சொல்லும்போது சொத்தில் பங்கு கொடுக்காத கல்நெஞ்சன். இன்னொருவர் சொல்லும்போது குழைந்து குழைந்து பேசும் காதலன். பார்வையும் உதட்டோரமும் அதற்கேற்ப மாறுகின்றன. சிவாஜி என்றாலே மிகை என்று பேசுகிற இளம் நண்பர்களுக்கு இந்தப் படத்தைத்தான் நான் காட்டுவேன்.

இதற்கு மேல் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொலையாளி யார் என்று சொல்லப்போகிறேன். எழுபது வருஷத்துக்கு மேலான படம், இதற்குமேல் ரகசியம் காக்க என்னால் ஆகாது.

உஷாதான். ராஜனின் சொந்த மனைவி. பண்டரிபாய் நடித்த அந்த அமைதியான உஷா.

ராஜன் ஜப்பான்காரனுக்கு ரேடியோ மூலம் ரகசியத் தகவல் அனுப்பிய உளவாளி. தன் அறிவுக்கு இந்த நாட்டில் மதிப்பில்லை என்று குமுறி அந்தப் பக்கம் போனவன். உஷா தேசபக்தி உள்ளவள், காதலித்துக் கட்டிக்கொண்டவள். கடைசியில் துப்பாக்கி அவள் கையில் இருக்கிறது.

உலகப் போருக்குப் பிந்தைய கறுப்பு வெள்ளை மர்மப் படம் என்றால் எல்லோரும் முதலில் சொல்வது 1949இல் வந்த ‘தி தேர்ட் மேன்’. கரோல் ரீட் இயக்கம், கிரஹாம் கிரீன் எழுத்து. போர் முடிந்து நான்கு வல்லரசுகள் பங்குபோட்டுக்கொண்ட வியன்னா நகரம். அங்கேயும் கதை ஒரு சாவில்தான் தொடங்கும். செத்துப்போன ஹாரி லைமைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். போகப்போக அவன் கலப்படப் பெனிசிலின் விற்றுக் குழந்தைகளைச் சாகடித்தவன் என்று தெரியவரும். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அவன் சாகவே இல்லை. கடைசியில் நகரத்தின் கழிவுநீர்ச் சுரங்கத்தில் அவனைச் சுடுவது போலீஸ் கிடையாது, அவனை நம்பி வந்த பால்ய நண்பன். ‘அந்த நா’ளில் மனைவி. இரண்டு படமும் சொல்வது ஒன்றுதான்: போர் பெற்றெடுத்த குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கும் பாரம், அந்த ஆளை அதிகமாக நேசித்தவர் தலையில்தான் வந்து விழுகிறது.

ஆனால் வியன்னாவில் ஒரு சௌகரியம் உண்டு. குழந்தைகளுக்குப் போகும் மருந்தில் கலப்படம் செய்தவனை யாரும் நியாயப்படுத்தப்போவதில்லை. ராஜன் விஷயம் அப்படியில்லை. உஷா உண்மையைச் சொல்லி முடித்ததும் எங்கள் வீட்டுக் கூடத்தில் விசாரணை மறுபடி ஆரம்பமாகிவிட்டது.

“ஜப்பான்காரனுக்குத் தகவல் குடுத்தான். அதுக்காகவா சுட்டா?”

“நாட்டைக் காட்டிக்குடுத்துட்டான்ல பெரியப்பா.”

“எந்த நாட்ட? அப்ப அங்க வெள்ளைக்காரன்தானே ஆண்டான்?”

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்.

“ஜப்பான்காரனோட சேந்துக்கிட்டுதான் நேதாஜி படை தெரட்டுனாரு. எங்க சித்தப்பாகூட போனாரு. அவரும் துரோகியா?”

“அவர் சுதந்திரத்துக்காகப் போனாரு.”

“சொதந்திரமா! சயாமுக்குப் புடிச்சிட்டுப் போறதுக்கு இது தேவலன்னு போனாருடா.”

அதோடு அவர் படுக்கப் போய்விட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. 1943 அக்டோபர் என்று படம் குறித்த அந்தத் தேதியை வைத்துக்கொண்டு, அதே வாரங்களில் நம் பக்கம் என்ன நடந்தது என்று பார்க்கத் தொடங்கினேன்.

படத்தில் ராஜன் சாவது அக்டோபர் 11. ஆறு நாள் கழித்து, 17ஆம் தேதி, சயாம் பர்மா ரயில் பாதையின் இரண்டு முனைகளும் இணைக்கப்பட்டன. 415 கிலோமீட்டர். மலாயா தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போன பல்லாயிரம் தமிழர்கள் அந்தப் பாதையோரம் காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்தார்கள். அதற்கு நாலு நாள் கழித்து, 21ஆம் தேதி, சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் நேதாஜி சுபாஸ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார். மறுநாளே பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கிய டாக்டர் லட்சுமி சென்னைக்காரர். ராஜன் செத்துக் கிடக்கும் அதே ஊர்.

பதினொரு நாள் இடைவெளிக்குள் இத்தனையும். தோட்டத்துச் சனங்களை அடிமையாக்கிக் கொன்றதும் ஜப்பான்காரன், அதே சனங்கள் தாலியைக் கழற்றிக் கொடுத்து வளர்த்த படைக்குத் துணை நின்றதும் ஜப்பான்காரன். ஒரே லயத்தில் ஒரு வீட்டு ஆள் சயாமுக்கும் அடுத்த வீட்டு ஆள் போஸின் ஐ.என்.ஏ. படைக்கும் போயிருக்கிறார்கள். இதில் நாடு எது, துரோகம் எது என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுத யாரால் முடியும்?

ரேடியோவையே எடுத்துக்கொள்வோம். ‘அந்த நா’ளில் ரேடியோ துரோகத்தின் கருவி. இங்கே கதை தலைகீழ். ஈப்போவுக்குப் பக்கத்தில் பாப்பான் என்ற சின்ன ஊரில் சிபில் கதிகாசு என்ற தாதி இருந்தார். அவர் கணவர் டாக்டர் கதிகாசு, ஆறுமுகம் கணபதிப்பிள்ளை என்ற இயற்பெயர் கொண்ட தமிழர். இருவரும் காட்டுக்குள்ளிருந்து ஜப்பானை எதிர்த்த கெரில்லாக்களுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்தார்கள். வீட்டில் ரேடியோவை ஒளித்துவைத்து பி.பி.சி. செய்தி கேட்டார் சிபில். ஜப்பான் ஆட்சியில் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது தலை போகிற குற்றம். 1943இல் ராணுவப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்ச் செய்த சித்திரவதையில் அவரால் நடக்கவே முடியாமல் போனது. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்ததும் சிகிச்சைக்கு பிரிட்டன் கொண்டுபோனார்கள், ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள், 1948இல் இறந்துபோனார். அவருடைய நினைவுக் குறிப்புகள் புத்தகமாக வந்தது எந்த வருஷம் தெரியுமா? 1954. ‘அந்த நாள்’ வந்த அதே வருஷம்.

அதே வருஷத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் ரேடியோ வைத்திருந்தவன் வில்லன், இந்தப் பக்கம் ரேடியோ வைத்திருந்தவர் வீராங்கனை. சரி, இவர் ஜப்பானுக்கு எதிராகக் கேட்டார், அவன் ஜப்பானுக்காக அனுப்பினான், அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று தோன்றும். நேராகவில்லை. இன்னொரு கதை இருக்கிறது.

பினாங்கில் ஜப்பான்காரர்கள் இந்திய இளைஞர்களுக்கு உளவுப் பயிற்சி கொடுத்து, நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி இந்தியக் கரையில் இறக்கிவிட்டார்கள். 1942 செப்டம்பரில் கேரளத்துத் தானூர் கரையில் ஒரு குழு இறங்கியது. உடனே பிடிபட்டது. இப்படி வந்து பிடிபட்டவர்கள் மேல் வழக்கு சென்னையில் நடந்தது. வக்கம் அப்துல் காதர், ஆனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் என்ற நான்கு பேருக்குச் சென்னைச் சிறையில் தூக்கு. நாள்: 1943 செப்டம்பர் 10. வக்கம் காதர் பிழைப்புக்காக மலாயா வந்து, இங்கே அரசு வேலை பார்த்தவர்.

தேதியைப் பாருங்கள். படத்தில் ராஜன் சாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னால், அதே சென்னையில், ஜப்பானுக்கு உளவு பார்க்க வந்தவர்கள் என்று நிஜமாகவே நாலு பேரைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சுதந்திர இந்தியா அவர்களைத் தியாகிகள் என்று கொண்டாடியது, தபால்தலை வெளியிட்டது. அவர்கள் செய்ய வந்ததும் ராஜன் செய்ததும் காகிதத்தில் ஒரே குற்றம்தான்.

இந்த இடத்தில்தான் படத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தம். பாலசந்தரும் ஜாவர் சீதாராமனும் இது தெரியாதவர்களா என்ன? 1945இல் டெல்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகள் மேல் வழக்கு நடந்தபோது நாடே கொந்தளித்தது, படம் வருவதற்கு ஒன்பது வருஷம்கூட ஆகவில்லை. கொட்டகையில் உட்கார்ந்த ஒருவருக்காவது “இவனும் ஐ.என்.ஏ. மாதிரிதானே?” என்று தோன்றியிருக்கும். படம் அந்தக் கேள்வி வரவே விடாமல் கதவைச் சாத்துகிறது. ராஜனைத் தன் மதிப்புக்காகப் போனவனாக, சொந்த ஆத்திரத்தில் நாட்டை விற்றவனாக ஆக்கிவிடுகிறது. மனைவியிருக்க நடனக்காரியோடு பழக்கம் வேறு சேர்த்துவிட்டால் பார்ப்பவர் மனம் சலனப்படாமல் உஷா பக்கம் போய்விடும். ராஜன் ஒழுக்கமானவனாகவும், விடுதலை வெறி பிடித்தவனாகவும் இருந்து, உஷா அவனைச் சுட்டிருந்தால்? அந்தப் படத்தை 1954இல் எடுத்திருக்க முடியாதுதான். ஆனால் என் பெரியப்பா கேட்டது அந்தப் படத்தைத்தான்.

படத்தை இதற்காக நான் கீழே வைக்கவில்லை. கதை தயங்கிய இடத்தில் அதன் அமைப்பு துணிந்து நிற்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஐந்து வாய்களில் ஐந்து ராஜன்களைக் காட்டிவிட்டு, கடைசியாக உஷா சொல்வது மட்டும் முழு உண்மை என்று எடுத்துக்கொள்ளச் சொன்னால் எப்படி? பட்டாபி சொன்னதை நம்பினோம், பிறகு கைவிட்டோம். அம்புஜம் சொன்னதையும் அப்படித்தான். உஷாவின் ராஜன் மட்டும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவனா? ஒருவன் யார் என்பது சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்று நமக்குப் பழக்கிவிட்டதே அந்தப் படம்தான்.

சினிமாவில் வாக்குமூலங்கள் முடிந்தால் விளக்கு போட்டுவிடுவார்கள். வெளியே அப்படி முடிவதில்லை. சுங்கை சோவிலிருந்து செரண்டா தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போனால் பத்தாங் காலி. 1948 டிசம்பரில், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் மலாயாவில் தொடங்கிய ஆறாம் மாதம், அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயுதமில்லாத 24 சீனர்களை பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடினார்கள், சுட்டோம் என்றது அதிகாரிகளின் வாக்குமூலம். ஓடவே இல்லை என்றார்கள் செத்தவர்களின் குடும்பத்துப் பெண்கள். இருபது வருஷம் கழித்துச் சுட்ட சிப்பாய்களிலேயே சிலர், ஓடவில்லை, கொல்லத்தான் கொன்றோம் என்று லண்டன் பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார்கள். பிரிட்டனில் 1970இல் தொடங்கிய போலீஸ் விசாரணை ஆட்சி மாறியதும் நின்றது. குடும்பத்தார் வழக்குப் போட்டுப் போட்டு, 2015 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பொது விசாரணைக்கு உத்தரவிட முடியாது என்று தீர்ப்பு வந்தது.

67 வருஷம். எல்லார் வாக்குமூலமும் இருக்கிறது. ஒரு சிவானந்தம்தான் வரவில்லை.

இப்படி யோசிக்கும்போது ‘அந்த நாள்’ சென்னைக் கதையாக மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஜப்பான்காரன் காலத்தையும் அவசரகாலத்தையும் கடந்து வந்த ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு ராஜன் இருந்திருக்கிறான். ஜப்பான்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த தோட்டத்து மேற்பார்வையாளர், அதாவது மண்டோர், வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அவனுக்கும் ஆள் காட்டினார் என்பார்கள். காட்டுக்குள் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தவரை ஒருவர் தியாகி என்பார், இன்னொருவர் பயங்கரவாதி என்பார். அவர்கள் பிள்ளைகளும் பேரன்களும் இன்றைக்கு ஒரே கோயில் திருவிழாவில் பந்தி பரிமாறுகிறார்கள். யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்வதில்லை.

கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. மறுநாள் பசியாறும்போது பெரியப்பாவிடம் அந்தச் சித்தப்பாவைப் பற்றி மறுபடி கேட்டேன். போர் முடிந்து திரும்பி வந்தாரா, வந்தவரைத் தோட்டத்தில் எப்படி நடத்தினார்கள் என்று. திரும்பினாராம். துரை வேலை கொடுக்க யோசித்தாராம், கிராணி சொல்லித்தான் சேர்த்தார்களாம். ஐ.என்.ஏ.வில் இருந்தேன் என்று ரொம்ப வருஷம் வெளியே சொல்லிக்கொள்ளவே இல்லையாம். இந்தியாவிலிருந்து தலைவர்கள் வந்து மேடையில் நேதாஜி நேதாஜி என்று பேச ஆரம்பித்த பிறகுதான் பெட்டியிலிருந்து பழைய படத்தை எடுத்துச் சுவரில் மாட்டினாராம். ஒரே ஆள்தான். எப்போது ஒளிய வேண்டும், எப்போது நிமிர வேண்டும் என்பதைக் காலம் முடிவு செய்திருக்கிறது.

படம் யூடியூப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. பத்து வயசுக்கு மேல் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். பாட்டு இல்லாததால் முதல் பத்து நிமிஷம் கை ரிமோட்டைத் தேடும், பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் எண்பத்தைந்து தாண்டிய யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ராஜன் துரோகியா? பதில் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள், கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த வாக்குமூலங்களை எடுக்க நமக்கு இன்னும் அதிக வருஷம் இல்லை.